பெண் பார்க்கிறவர்கள் என்று நினைத்தேன்

என் இரண்டு பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தவன். கிளினிக்கில் எந்த நாய்க்கு எத்தனை மணிக்கு டிரிப் ஏற்றினோம் என்று பலகையில் எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். "நீ, நீ" என்று எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே குழம்பிவிடும். ஆகையால் மகள், மகன் என்றே எழுதுகிறேன்.

மகளுக்கு இதெல்லாம் தெரியும். மகனுக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் தப்பு. தப்பென்று தெரிந்தும் ஒன்றரை வருஷமாக நான் திருத்தவில்லை. வாயால் சொல்லலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மகன் பொம்மனஹள்ளியிலிருந்து வருவான், கோழிக்குழம்பு சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், போய்விடுவான். நானும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

நான் வேலை செய்கிற மிருக ஆஸ்பத்திரியில் மகளும் டாக்டராக இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் அங்கே அட்டெண்டர். நாய்க்கு வாய்க்கட்டுப் போடுவது, டேபிளில் ஏற்றிப் பிடிப்பது, ஆபரேஷன் முடிந்தால் கழுவுவது. மகள் ஹெப்பாள் கால்நடைக் காலேஜில் படித்து முடித்ததும் பெரிய டாக்டரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். "உன் மகளுக்கில்ல, அவ கைக்குக் குடுக்கறேன்" என்று சொன்னார். முதல் வருஷம் அவர் பக்கத்தில் நின்றார். இரண்டாம் வருஷம் வாசலில் நின்றார். அதற்கப்புறம் ஆபரேஷன் நடக்கும்போது அவர் வெளியே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

அப்படியும் நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மகளைப் பார்த்ததும், "டாக்டர் இல்லியா?" என்பார்கள். "நான்தான் டாக்டர்" என்பாள். "இல்ல, பெரியவரு" என்பார்கள். அவள் ஆபரேஷன் செய்து பிழைத்த நாயின் சொந்தக்காரர் பெரிய டாக்டருக்கு இனிப்பு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். மகள் சிரித்துக்கொண்டு அதில் முதல் துண்டை எடுப்பாள். அந்தச் சிரிப்பை நான் நிஜம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது வெளிநாடு போகப் போகிறேன் என்றாள். அந்த நாட்டின் பெயரை இப்போது நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதவில்லை. அவளோடு படித்த பெண் ஒருத்தி அங்கே போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாட்டுப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கிறாள். தன் வீட்டில் ஒரு அறையை மகளுக்கென்று வைத்திருந்தாள்.

அங்கே மிருக டாக்டராகப் போகிறவர்களை முதலில் காகிதத்தை வைத்துச் சோதிப்பார்கள். படித்த படிப்பு சரியா, இங்கே கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, இங்கிலீஷ் பரீட்சையில் எத்தனை மார்க், இத்தனை வருஷம் என்ன வேலை செய்தார், அதில் எதைத் தன் கையால் தனியாகச் செய்தார். இதற்கு ஸ்கில் அசெஸ்மெண்ட் என்று பெயர். இதில் தேறினால்தான் மற்றது. மகள் எட்டு மாதம் அதற்காக அலைந்தாள். இங்கிலீஷ் பரீட்சையில் நல்ல மார்க். பெரிய டாக்டர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் கொடுத்தார். எந்தெந்த ஆபரேஷன், ராத்திரி அவசர டூட்டி, எல்லாம் அதில் இருந்தது. கீழே கிளினிக் போன் நம்பரைப் போட்டார். தன் செல் நம்பரில் தெரியாத போன் வந்தால் அவர் எடுக்கவே மாட்டார்.

"ஏதாவது ஆபீஸ்லேருந்து விசாரிச்சு போன் வரும்பா. வந்தா பெரிய டாக்டர்கிட்ட குடுத்துடு" என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். வெளிநாட்டு ஆபீஸ் என்றால் வெள்ளைக்காரர் இங்கிலீஷில் பேசுவார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இங்கேதான் மகளுக்கும் அப்போது தெரியாமல் இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் காகிதம் அனுப்பிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நானும் உங்கள் அம்மாவும் அவள் ஜாதகத்தை மர்பி டவுனில் ஒரு தரகரிடம் கொடுத்திருந்தோம். நல்ல இடம் அமைந்தால் மனசு மாறும், இங்கேயே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டோம். வேலை செய்யும் இடம் என்று கிளினிக் பெயரையும் நம்பரையும் கொடுத்தோம்.

முதலில் விசாரித்தது ஒரு பையனின் அம்மா. கிளினிக்குக்குத்தான் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். பெண்ணின் அப்பா என்று சொன்னேன். "பொண்ணு நாயெல்லாம் அறுக்குமாமே, நெசமா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாம்மா, தனியாவே பண்ணும். போன வாரம் ஒரு நாய் வயித்துலேருந்து முழு சாக்ஸ் எடுத்துச்சும்மா" என்றேன். அந்த அம்மா போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து முறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாபா நீ, பொண்ணப் பத்திப் பேசுன்னா கறிக்கடையப் பத்திப் பேசிக்கீற. அறுக்கற கையால ஆக்கிப் போட்டா எம் பையன் எப்பிடி சாப்புடுவான்னு கேக்குது அந்தம்மா."

"சாக்ஸ்தானய்யா எடுத்துச்சு" என்றேன்.

"இன்னும் சாக்ஸா? வாய மூடு. அடுத்தது மெட்ராஸ் பார்ட்டி, பெரிய எடம். அவங்க நேரா கேக்க மாட்டாங்க, ஏஜென்சி வெச்சு விசாரிப்பாங்க. பாத்துப் பேசு. அப்பான்னு சொல்லிக்காத, அப்பன் சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

சரியாகப் பத்து நாள் கழித்து அந்த போன் வந்தது. பகல் மூன்று மணி இருக்கும். பெரிய டாக்டர் இல்லை. மகள் உள்ளே ஆபரேஷனில் இருந்தாள். ஒரு லாப்ரடார், கருப்பை முழுக்கச் சீழ் கட்டிப்போய் வந்தது. நான் வெந்நீரில் போட்டிருந்த சலைன் பாட்டிலை எடுக்க வெளியே வந்தேன். போன் அடித்தது.

ஒரு பெண் குரல். அழகான தமிழ்.

"வணக்கம் சார், சென்னையிலேருந்து பேசறோம். உங்க கிளினிக்ல இருக்கற லேடி டாக்டர் பத்தி ஒரு வெரிஃபிகேஷன். ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?"

சென்னை, ஏஜென்சி, விசாரணை. எனக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை.

"பேசுங்கம்மா."

"அவங்க அங்க எவ்ளோ வருஷமா இருக்காங்க?"

"ஆச்சும்மா, ஆறு வருஷம். ரொம்ப நல்ல பொண்ணு."

"சர்ஜரி எல்லாம் அவங்களே தனியா பண்ணுவாங்களா சார்?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லம்மா. கத்தியே எடுக்காது. ரத்தம் பாத்தா பயப்படும். பெரிய டாக்டர்தான் எல்லாம். இது பக்கத்துல நின்னு ஊசி, பஞ்சு எடுத்துக் குடுக்கும், அவ்ளோதான்."

"ட்ரீட்மெண்ட் என்னன்னு அவங்க முடிவு பண்ண மாட்டாங்களா?"

"பெரியவங்களக் கேக்காம ஒண்ணும் செய்யாதும்மா. அடக்கமான பொண்ணு."

"நைட் டூட்டி, எமர்ஜென்சி?"

"சாயந்தரம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுல இருக்கும்."

"உங்க பேரும் போஸ்ட்டும் சொல்லுங்க சார்."

பெயரைச் சொன்னேன். அப்பா என்று சொல்லவில்லை. அட்டெண்டர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "இங்க சீனியர் ஸ்டாஃப்மா, இருபத்தெட்டு வருஷம்" என்றேன்.

"தேங்க்ஸ் சார், ரொம்ப க்ளியரா சொன்னீங்க" என்று வைத்தாள்.

பாட்டிலோடு உள்ளே போனேன். மகளின் இரண்டு கையும் நாயின் வயிற்றுக்குள் இருந்தன. நெற்றி முழுக்க வேர்வை. "எவ்ளோ நேரம்பா! இங்க ரத்தம் நிக்கல, நீ அங்க கத பேசினு இருக்க" என்றாள். நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். எனக்கு மனசு நிறைந்திருந்தது. இந்தத் தடவை சரியாகப் பேசிவிட்டோம், இது அமைந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நாய் பிழைத்தது.

ஐந்து வாரம் கழித்து மெயில் வந்தது. மத்தியான நேரம், கிளினிக்கில் நாங்கள் இருவர் மட்டும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு மகள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னம்மா?" என்றேன். இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"வேலை அனுபவம் ஏத்துக்க முடியல. ஏன்னா, அவங்களோட சென்னை ஏஜென்சி மூலமா கிளினிக்கோட சீனியர் ஸ்டாஃப் ஒருத்தர்கிட்ட போன்ல விசாரிச்சாங்களாம். இவங்க ஆபரேஷன் செய்யறது இல்ல, தனியா முடிவு எடுக்கறது இல்ல, உதவிக்குத்தான் இருக்காங்க, எமர்ஜென்சி டூட்டி இல்லன்னு அவர் தெளிவா சொன்னாராம். டாக்டர் குடுத்த லெட்டருக்கும் இதுக்கும் பொருந்தலியாம்."

பிறகு திரும்பி, "யாருப்பா இங்க சீனியர் ஸ்டாஃப்?" என்றாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். என்னைத் தவிர யார் பேரையெல்லாமோ யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"நான்தாம்மா" என்றேன்.

நானே சொன்னேன்: "பொண்ணு பாக்கறவங்கன்னு நெனச்சேம்மா."

"யாருக்குப் பொண்ணு?"

ஜாதகம், தரகர், சாக்ஸ், மெட்ராஸ் பார்ட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சாக்ஸ் வந்தபோது சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. அவள் அழுது நான் பார்த்தது அவள் ஆறாம் வகுப்பில் கை உடைந்தபோது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

"அந்தம்மாவுக்குப் போய் நெசத்தச் சொன்ன. இவங்களுக்குப் போய் ஏம்பா..." என்றாள். முடிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு வெளியே காத்திருந்த பூனையைப் பார்க்கப் போனாள்.

ஒரே ஒரு தடவை மறுபரிசீலனை கேட்கலாம் என்று மெயிலில் இருந்தது. பெரிய டாக்டர் இன்னொரு கடிதம் எழுதினார், ஆபரேஷன் ரெஜிஸ்டரை முழுக்க நகல் எடுத்துக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் லீவு போட்டுவிட்டு மேயோ ஹால் பக்கம் கோர்ட்டுக்கு வெளியே டைப் அடிக்கிறவரிடம் போனேன்.

"இன்னா சாமி, பேர் மாத்தமா, வீடு மாத்தமா?" என்றார்.

"அஃபிடவிட். நான் பொய் சொன்னேன்னு எழுதணும்."

"எங்க சொன்ன?"

"போன்ல."

விரலை மெஷின் மேலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க வர்றவன் எல்லாம் பொய்யக் கொண்டாந்து நெசம்னு எழுதுன்னுவான். பொய்தான்னு எழுதச் சொல்றவன் நீ ஒருத்தன்தான்யா. உக்காரு, டீ சாப்புடு" என்றார். நான் சொல்லச் சொல்ல அவரே நல்ல இங்கிலீஷில் அடித்தார். இன்னாரின் தந்தையாகிய நான், திருமண விசாரணை என்று தவறாக எண்ணி, உண்மைக்கு மாறாகப் பேசிவிட்டேன்; என் மகள் எல்லா ஆபரேஷனையும் தன் கையால் செய்கிறாள் என்று இப்போது உறுதி கூறுகிறேன். நோட்டரி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு ஈஜிபுரா வரை அதை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மகள் நின்றபடியே படித்தாள். அறையில் இருந்து போன் செய்து வெளிநாட்டுத் தோழியிடம் என்னவோ பேசினாள். வெளியே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இத அனுப்ப முடியாது."

"ஏம்மா? ஸ்பெல்லிங் தப்பா?"

"நீ என் அப்பான்னு இதுல இருக்கு. அப்பா வேலை செய்ற எடத்துல பொண்ணும் வேலை செய்றான்னு தெரிஞ்சா, பெரிய டாக்டர் லெட்டர், ரெஜிஸ்டர், எல்லாமே வேண்டியவங்க எழுதிக் குடுத்ததுன்னு ஆயிடும். உன்ன யாரோன்னு நெனச்சப்போ நீ கொறச்சு சொன்னத நம்புனாங்க. அப்பான்னு தெரிஞ்சா நீ ஒசத்தி சொல்றத எப்பிடி நம்புவாங்க?"

"நெசம்தானேம்மா சொல்றேன்."

"நெசம்தான்" என்றாள். காகிதத்தை என் கையில் கொடுத்தாள்.

அது இல்லாமல்தான் அனுப்பினாள். பழைய முடிவே நிற்கும் என்று பதில் வந்தது. வேறு ஒரு இடத்தில் புதிதாக வேலை செய்து, அங்கிருந்து சான்று கொண்டுவந்தால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் அவள் இங்கிலீஷ் மார்க்குக்குக் கெடு முடிந்துவிடும். தோழி நான்கு மாதம் அந்த அறையைக் காலியாக வைத்திருந்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள். மெட்ராஸ் பார்ட்டி கடைசி வரை போனே செய்யவில்லை.

நான் என்னையே கேட்டுக்கொள்கிற ஒன்று உண்டு. அவள் போகக் கூடாது என்று என் மனசுக்குள் இருந்ததா? இருந்தது. ஆனால் போனில் பேசும்போது அது என் நினைப்பில் இல்லை. சத்தியமாக இல்லை. இதை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மகனுக்கு அன்றைக்கு நாங்கள் சொன்னது, "அக்காவுக்குக் கெடைக்கல" என்று மட்டும். அவன் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டான். மர்பி டவுனில் காது குத்தலுக்குப் போனபோது பந்தியில் யாரோ, "டாக்டர் எப்ப பறக்கறாங்க?" என்று கேட்டார்கள். மகன், "எங்கக்கா பாஸ்போர்ட்ல மட்டும்தான் மாமா பாஸு, எக்ஸாம்ல கோட்ட விட்டுட்டா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். மகள் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். "அடுத்த தடவ பாஸ் பண்ணிடறேன், இப்ப பாயாசத்த இந்தப் பக்கம் தள்ளு" என்றாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் ஆச்சரியம்.

அடுத்த மாதம் அவள் கிளினிக்கை விட்டுவிட்டாள். மாலூர் பக்கம் மாட்டுப் பண்ணைகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கிற வேலை. அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். நான் இல்லாத இடத்தில் சான்று வாங்க வேண்டுமே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்டோன்மெண்டில் ரயில் ஏறி, சொல்லாமல் அவளைப் பார்க்கப் போனேன். அறை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து ஒரு தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு சீமைப் பசு நின்றபடியே கன்று ஈன முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. மகளின் வலது கை தோள் வரை உள்ளே இருந்தது. கன்னம் பசுவின் மேல் அழுந்தியிருந்தது. என்னைப் பார்த்தாள்.

மாட்டுக்காரர் கன்னடத்தில், "யாரு டாக்ட்ரே இவ்ரு?" என்றார்.

மகள் ஒரு நொடி யோசித்தாள். "ஹளே கிளினிக்கல்லி ஜொதெகித்ரு" என்றாள். பழைய கிளினிக்கில் கூட இருந்தவர்.

அது சான்றுக்காகச் சொன்னதா, கோபத்தில் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இங்கே ஒரு மாட்டுக்காரருக்கு நான் யார் என்று தெரிந்தால் என்ன ஆகிவிடும்? ஆனாலும் சூடு கண்டவள். நான் மறுத்துப் பேசவில்லை.

மாட்டுக்காரருக்கு உயிர் கையில் இல்லை. இருக்கிற ஒரே பசு. என் பக்கம் குனிந்து, "கூட இருந்தவங்கன்றீங்க, சொல்லுங்க, இந்தம்மா கை நல்ல கையா? பசு பொழைக்குமா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், இவங்க தனியாகத்தான் ஆபரேஷன் செய்வாங்க, பெரிய டாக்டர் வெளியே பேப்பர் படிப்பார், சீழ் பிடித்த கருப்பையை எடுத்து நாயைப் பிழைக்க வைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன், ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவாங்க, யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இவங்களுக்கு இல்லை. அந்த மனிதர் அப்படியே நம்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு நல்ல டாக்டர் ஏன் இந்த ஊர்ல இருக்காங்க? ஃபாரின் போலாமே?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மகள் திரும்பவில்லை. "கன்னு தலை நேரா திரும்பிடுச்சு. கயித்தப் புடிங்க, நான் சொல்றப்ப இழுங்க" என்றாள். நானும் மாட்டுக்காரரும் இழுத்தோம். கிடாரிக் கன்று, உயிரோடு வந்தது.

தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய பொடியை வாங்கிக்கொண்டாள். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். பஸ் வந்தபோது, "அடுத்த தடவ போன் பண்ணிட்டு வாப்பா" என்றாள். காத்திருக்கிறேன் என்று சொன்னாளா, வராதே என்று சொன்னாளா, எனக்குப் புரியவில்லை. இன்னும் போன் பண்ணவில்லை.

மகனே, இதுதான் மற்றப் பாதி. அக்கா எந்தப் பரீட்சையிலும் தோற்கவில்லை. காது குத்தலுக்கு வந்த அத்தனை பேரிடமும் நீயே போய் அதை மாற்றிச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால், அப்பன் அப்படித்தான் சொல்லுவான் என்பார்கள்.